சிறு ஏற்றுமதித் தொழிலுக்குச் சந்தைச் செய்தி பயன்படும் விதம்

மும்பையில் சயான் ரயில் நிலையத்திற்கும் மாஹிம் கழிக்கும் இடைப்பட்ட தாராவிப் பகுதியில், கைப்பைகளும் பணப்பைகளும் இடைவார்களும் செய்யும் தோற்பட்டறைகள் சந்துக்குச் சந்து அமைந்துள்ளன. அங்குள்ளோர் இவற்றைக் கார்கானா என்றே வழங்குவர். பெரும்பாலும் அது தகரக் கூரையிட்ட ஒரு மாடி அறையாக இருக்கும். ஏணியில் ஏறித்தான் உள்ளே செல்ல வேண்டும். ஐந்தாறு பேர் தரையில் அமர்ந்து தோலை வெட்டி, ஓரத்தைச் சீவி, பசையிட்டு ஒட்டி, இயந்திரத்தில் தைப்பர். அவ்வாறு உருவாகும் சாமான்களில் ஒரு பகுதி சயான்–பாந்திரா இணைப்புச் சாலையிலுள்ள கடைகளில் விற்பனையாகிறது. மற்றொரு பகுதி அயல்நாடுகளுக்குச் செல்கிறது. அச்சாமானைச் செய்தவர் அந்த அயல்நாட்டுச் சந்தையைக் கண்டவரல்லர். வாங்குபவரின் பெயரைக்கூடப் பல சமயங்களில் அறியார். அச்சந்தையைப் பற்றிய செய்தி அவரிடம் எந்த உருவில் வந்து சேருகிறது, எப்பொழுது சேர்ந்தால் அவருக்கு உதவும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தாராவி, மாதுங்கா, செம்பூர் முதலிய இடங்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும், சிறு தொழில்களோடு தொடர்புடைய கள ஊழியர்களுக்கும் இது அடிக்கடி எதிர்ப்படும் விஷயமாகும்.

தாராவியின் தோல் தொழிலுக்கும் தமிழ்நாட்டிற்கும் உள்ள தொடர்பு பழமையானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றவர்கள் அங்குத் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினர். அருகில் பாந்திராவில் இருந்த ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கூடத்திலிருந்து பச்சைத் தோல் கிடைத்து வந்தது. 1971இல் செம்பூரை அடுத்த தேவ்னாரில் புதிய கூடம் திறக்கப்பட்டது. பின்னர், கழிவுநீரால் விளைந்த கேட்டை முன்னிட்டுப் பதனிடும் தொழில் தாராவியிலிருந்து படிப்படியாக விலகியது. 2015இல் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளைக் கொல்வதும் சட்டத்தால் தடுக்கப்பட்டபொழுது, உள்ளூர்த் தோல் மேலும் அருகியது. இன்று சென்னை, கான்பூர், கொல்கத்தா ஆகிய இடங்களிலிருந்து வரும் பதனிட்ட தோலைக் கொண்டே பெரும்பாலான பட்டறைகள் வேலை செய்கின்றன.

இம்மாறுதல் செய்தியின் வழியையும் மாற்றிவிட்டது. தோல் பதனிடுவோர் அடுத்த சந்தில் இருந்த காலத்தில், தோலுக்குள் என்ன போட்டீர்கள் என்று நேரில் கேட்டு அறியலாம். இப்பொழுது அவர் ஆயிரத்து இருநூறு கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறார். இடையில் இரண்டு வியாபாரிகள் இருக்கின்றனர்.

செய்தி வரும் வழி

அயல்நாட்டு இறக்குமதியாளர் ஒருவர் மும்பையிலுள்ள ஏற்றுமதி வியாபாரிக்கு ஆர்டர் அளிக்கிறார். அவ்வியாபாரி, ஏற்றுமதிக் குறி எண்ணும் வங்கித் தொடர்பும் உடையவர். அவர் ஒரு காண்டிராக்டரை நாடுகிறார். காண்டிராக்டர் இரண்டு மூன்று பட்டறைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார். பட்டறைக்கு வந்து சேருவன மூன்று: ஒரு மாதிரிப் பை, ஒன்றுக்கு இவ்வளவு என்ற கூலி அல்லது விலை, சரக்கு ஒப்படைக்க வேண்டிய தேதி. எந்த நாட்டிற்குச் செல்கிறது, அந்நாட்டின் விதிகள் யாவை, இந்த நிறத்தை ஏன் கேட்கிறார்கள், அங்கே என்ன விலைக்கு விற்கிறது என்பன வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

இதை முழுவதும் வஞ்சகம் எனக் கூறுதல் பொருந்தாது. பட்டறைக்காரர் நேரே வாங்குபவரிடம் சென்றுவிட்டால் தம் பிழைப்பு என்னவாகும் என்று இடையிலுள்ளவர் அஞ்சுகிறார். அவருடைய மூலதனமே அந்தச் செய்திதான். ஆயினும் மறைக்க வேண்டிய செய்தியோடு, மறைக்க வேண்டாத செய்தியும் சேர்ந்து மறைந்துபோகிறது. பின்னர் நேரும் நஷ்டம் இருவரையும் சாருகிறது.

அரசாங்கப் புள்ளிவிவரங்களிலும் இப்பட்டறைகள் தோன்றுவதில்லை. சுங்கப் பத்திரத்தில் ஏற்றுமதி செய்பவரின் பெயரும் துறைமுகமும் பதிவாகின்றனவே அன்றி, பை தைக்கப்பட்ட சந்து பதிவாவதில்லை. தாராவியின் ஏற்றுமதி இத்தனை கோடி என்று பத்திரிகைகளில் வரும் தொகைகள் மதிப்பீடுகளே என்பதைக் கள ஊழியர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

விலைச் செய்தியும் விதிச் செய்தியும்

சந்தைச் செய்தி என்றவுடன் விலையே நினைவுக்கு வருவது இயல்பு. விலைச் செய்தியின் பயனைக் காட்ட ஒரு நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. வட கேரளக் கரையில் 1997 முதல் 2001 வரையிலான காலத்தில் கைத்தொலைபேசி பரவியபொழுது, மத்தி மீன் பிடிப்போர் கடலில் இருந்தவாறே பல கரைகளின் விலையைக் கேட்டறிந்து, ஏற்ற கரைக்குப் படகைத் திருப்பலாயினர். இதை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர், மீனவர் இலாபம் சுமார் 8 சதவிகிதம் உயர்ந்ததென்றும், வாங்குவோர் கொடுத்த விலை சுமார் 4 சதவிகிதம் குறைந்ததென்றும் 2007இல் வெளியிட்டார். கரையில் விற்காமல் வீணான மீனும் இல்லாமற் போயிற்று.

அங்கே விலை ஒன்றே போதுமானதாக இருந்தது. மத்தி எங்கும் மத்திதான். அதைக் கண்ணால் கண்டு தரத்தை அறியலாம். தோற்பை அத்தகையதன்று. ஒரே நிறமும் ஒரே மெருகும் உடைய இரு தோல்களில் ஒன்று ஐரோப்பியச் சந்தையில் விற்கத் தக்கதாகவும், மற்றொன்று சட்டப்படி விற்கத் தகாததாகவும் இருக்கக்கூடும். வேற்றுமை கண்ணுக்குப் புலப்படாது. இரசாயனச் சோதனையில்தான் தெரியும். ஆகவே விலைச் செய்தியைவிட விதிச் செய்தியே இத்தொழிலுக்கு முக்கியமானது. ஆனால் விலை தானாகவே வாய்வழி பரவுகிறது. விதி அவ்வாறு பரவுவதில்லை. 2025 ஆகஸ்டு மாதம் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின்மீது 50 சதவிகிதத் தீர்வை விதித்தபொழுது, அச்செய்தி அன்றே எல்லாப் பட்டறைகளையும் எட்டியது. ஆனால் அதைக் கொண்டு ஒரு சிறு பட்டறை செய்யக்கூடியது அதிகம் ஒன்றுமில்லை. தடுத்திருக்கக்கூடிய நஷ்டத்தைப் பற்றிய செய்தியோ, ஒரு சிறு வாக்கியமாக யாரோ ஒருவரின் மேசையில் கிடக்கும்.

ஒரு சிறு பொட்டலம்

மும்பையில் மழைக்காலம் நான்கு மாதங்கள் நீடிக்கும். அந்நாட்களில் கட்டி வைத்த தோற்சாமான் பூசணம் பிடிப்பது எல்லோரும் அறிந்ததே. இதைத் தடுக்கப் பெட்டிக்குள் சிறு பொட்டலங்களை வைக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அவற்றுள் ஒருவகையில் டைமெதில் பியூமரேட் என்னும் வெண்ணிறப் பொருள் அடைக்கப்பட்டிருந்தது. அது மெல்ல ஆவியாகித் தோலுக்குள் ஊடுருவிப் பூசணத்தைக் கொல்லும். ஆனால் தோல் வைத்துத் தைத்த நாற்காலியில் அமர்ந்தவர்களின் உடலிலும் அது துணியைக் கடந்து சென்று, கொப்புளமும் புண்ணும் உண்டாக்கியது. பிரிட்டன், பிரான்சு, பின்லாந்து முதலிய நாடுகளில் பலர் இவ்வாறு துன்புற்ற பின்னர், ஐரோப்பியக் கூட்டமைப்பு 2009ஆம் ஆண்டு மே முதல் தேதியிலிருந்து, கிலோ கிராமுக்கு 0.1 மில்லி கிராமுக்கு மேல் இப்பொருள் அடங்கிய சாமான்களை விற்கலாகாது எனத் தடுத்தது.

அதற்கு மாற்றாக ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் கைகொடுத்தன. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. உலர்ந்த நிலையில் நீலமாகவும் ஈரம் ஏறியபின் இளஞ்சிவப்பாகவும் மாறும் மணிகளில் கோபால்ட் குளோரைடு சேர்ந்துள்ளது. அப்பொருள், மிகுந்த கவனத்திற்குரிய இரசாயனங்கள் என ஐரோப்பாவில் 2008 அக்டோபரில் வெளியான முதற்பட்டியலிலேயே இடம்பெற்றது. ஆகவே வாங்குவோர் பலர் நீல மணிகளை ஏற்பதில்லை. வெள்ளை மணிகளையே கேட்கின்றனர். இரண்டு கிராம் எடையுள்ள ஒரு பொட்டலத்தின் நிறம் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடக்கூடும். வெள்ளை மணியை வாங்கு என்று பட்டறைக்குச் சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் அதைச் சொல்வதற்கு, பட்டியலைப் படித்து, பொட்டலத்தையும் நேரில் பார்த்த ஒருவர் வேண்டும். பட்டியலைப் படிப்பவர் பொட்டலத்தைப் பார்ப்பதில்லை. பொட்டலத்தை இடுபவர் பட்டியலைப் படிப்பதில்லை.

குரோமியம் மாறும் விதம்

உலகில் பதனிடப்படும் தோலில் மிகப் பெரும் பகுதி குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடப்படுகிறது. அதில் உபயோகிக்கப்படுவது மூவிணைதிறன் குரோமியம், இது தோலின் நாருடன் உறுதியாகப் பிணைந்து நிற்கும், பெருந்தீங்கு விளைவிப்பதன்று. ஆனால் சில சூழ்நிலைகளில் அதன் ஒரு சிறு பகுதி ஆக்ஸிஜனேற்றமடைந்து அறுவிணைதிறன் குரோமியமாக மாறுகிறது. இது நீரில் எளிதிற் கரையும். தோல்மீது பட்டால் ஒவ்வாமை நோயை உண்டாக்கும். ஆகவே, உடலில் படும் தோற்சாமான்களில் இது கிலோ கிராமுக்கு 3 மில்லி கிராம் அளவை எட்டலாகாது என்று ஐரோப்பியக் கூட்டமைப்பு விதித்தது. அவ்விதி 2014 மார்ச்சு மாதம் வெளியாகி, 2015 மே முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இடையே பதின்மூன்று மாதங்கள் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இம்மாற்றத்திற்குரிய காரணங்களை ஆசிரியர்கள் மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். தோலை மிருதுவாக்க ஊட்டப்படும் எண்ணெய் மீனெண்ணெய் போன்ற நிறைவுறாத கொழுப்பாயின் மாற்றம் விரைவுபடும். காரத்தன்மை மிகுந்தாலும், வெயிலும் வெப்பமும் வறண்ட காற்றும் பட்டாலும் அவ்வாறே. பதனிடும் இடத்திலேயே தாவரப் பட்டைச் சாற்றைச் சிறிதளவு சேர்த்தால், அது ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுத்து நிறுத்தும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட நம் முன்னோரின் முறையில் குரோமியமே இல்லையாதலால், இக்கேள்வியே எழுவதில்லை. தமிழ்நாட்டில் அம்முறையில் பதனிடப்பட்ட ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இப்பொழுது தாராவியின் தகரக் கூரையை நினைவுகூர்வோம். சோதனையில் தேறிய தோலாயினும், கோடைக்காலத்தில் கூரைக்கு அடியில் வாரக்கணக்கில் வெப்பத்திலும், வாசலில் வெயிலிலும் கிடந்தால், அதன் நிலை மாறக்கூடும். பட்டறைக்காரர் பதனிடுபவரல்லர், எனினும் தோலை வைக்கும் இடம் அவருடையது. இதை அவருக்கு ஒருவரும் சொல்வதில்லை. ஏனெனில் மாதிரிப் பையோடு வரும் செய்தியில் இது அடங்காது.

அறுவிணைதிறன் குரோமியத்தைக் கண்டறியும் முறையும் எளிய தத்துவத்தை உடையது. தோலிலிருந்து எடுத்த கரைசலில் டைபீனைல்கார்பசைடு என்னும் பொருளைச் சேர்த்தால் செவ்வூதா நிறம் தோன்றும். நிறத்தின் செறிவை 540 நானோ மீட்டர் ஒளியலை நீளத்தில் அளந்து அளவைக் கணிப்பர். இதைப் பட்டறையில் செய்தல் கூடாது; ஆய்வுக்கூடத்திற்கே அனுப்ப வேண்டும்.

நஷ்டத்தின் அளவு

இத்தகைய செய்தி ஏன் காலத்தோடு வர வேண்டும் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆயிரம் பணப்பைகளுக்கு ஒரு பட்டறை ஆர்டர் பெற்றதெனக் கொள்வோம். ஒன்றுக்கு ஒன்றரைச் சதுர அடி வீதம் 1,500 சதுர அடித் தோல் வேண்டும். சதுர அடி 100 ரூபாயாயின் தோலுக்கே 1,50,000 ரூபாய் ஆகும். கூலியும் மற்றச் செலவும் போக ஒரு பைக்கு 25 ரூபாய் நிற்குமாயின், மொத்த ஆதாயம் 25,000 ரூபாய். சரக்கு தேறவில்லையெனின், தோலுக்கு இட்ட பணத்தை மட்டும் ஈட்டவே இதேபோன்ற ஆறு ஆர்டர்களின் முழு ஆதாயமும் தேவைப்படும். அப்பணம் பெரும்பாலும் கடனாக வாங்கியது. ஆறு ஆர்டர் வரை காத்திருக்கும் சக்தி ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இராது.

ஆகவே தோலை வாங்குவதற்கு முன் வரும் செய்தியே செய்தி. வெட்டிய பின் வருவது வெறும் விளக்கமாகிவிடுகிறது.

ஒரு முன்மாதிரி

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டின் அனுபவம் நோக்கத்தக்கது. பச்சைத் தோலையும் அரைப் பதனீட்டுத் தோலையும் பூசணத்திலிருந்து காக்க முன்னர்ப் பென்டாக்ளோரோபீனால் என்னும் மருந்து பரவலாக உபயோகப்பட்டது. 1989 டிசம்பரில் ஜெர்மனி அதைத் தடைசெய்து, கிலோ கிராமுக்கு 5 மில்லி கிராம் என்ற வரம்பை நிர்ணயித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் ஏற்றுமதிக்கு ஜெர்மனி முக்கியமான சந்தை. இங்குச் செய்தி தனித்தனித் தொழிற்சாலையைத் தேடி வரட்டும் என்று ஒருவரும் காத்திருக்கவில்லை. 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில் இருந்தது. 1984இல் ஏற்பட்ட தோல் ஏற்றுமதிக் கவுன்சிலும் சென்னையிலேயே தலைமையிடம் கொண்டிருந்தது. மாற்று மருந்து எது, அதை எவ்வாறு உபயோகிப்பது, தேறியதா என எங்கே சோதிப்பது என்பன இவ்வமைப்புகள் வழியாகவும், மருந்து விற்ற கம்பெனிகள் வழியாகவும் தொழிற்சாலைகளை எட்டின. மாற்று மருந்தின் இறக்குமதித் தீர்வையை அரசாங்கம் குறைத்தது. அடுத்து, 1994இல் ஜெர்மனி சிலவகை அசோச் சாயங்களைத் தடுத்தபொழுதும் இதே வழி உதவிற்று. சாயத்தைப் பற்றிய அத்தடை 2002இல் ஐரோப்பியக் கூட்டமைப்பு முழுமைக்கும் விரிந்தது.

ஜெர்மனி எழுதியது ஒரு சட்ட வாசகம். பதனிடும் பீப்பாயின் அருகில் நிற்பவருக்கு வேண்டியது, இந்த மருந்துக்குப் பதில் அந்த மருந்து, இத்தனை அளவு என்ற ஒரு வரி. முன்னதைப் பின்னதாக மாற்றும் வேலையை ஒரு நிலையம் மேற்கொண்டதே அங்கு நிகழ்ந்த சிறப்பு.

தாராவியின் நிலைமை விசித்திரமானது. மாதுங்காவில் 1933இல் தோன்றிய இரசாயனத் தொழில்நுட்பக் கல்வி நிலையம், சாய இயலுக்குப் பெயர் பெற்றது. தாராவியின் எல்லையிலிருந்து நடந்தே செல்லலாம். ஏற்றுமதிக் கவுன்சிலின் மேற்கு மண்டல அலுவலகமும் இதே நகரத்தில் உள்ளது. அயல்நாட்டு வாங்குபவரின் நாணயத்தை விசாரித்துக் கடன் வரம்பு நிர்ணயிக்கும் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகமும் 1957இல் இந்நகரிலேயே தோன்றியதாகும். அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் கார்கானாவில் அமர்ந்திருப்பவரின் கேள்வி அங்கே செல்வதற்குரிய உருவில் எழுவதில்லை. என் தோல் தேறுமா என்று கேட்பவருக்கு, எந்த நாட்டிற்கு, எந்தச் சாமானுக்கு, எந்தப் பதனீட்டுத் தோல் என்று மூன்று கேள்விகள் திரும்பி வருகின்றன. அம்மூன்றும் இடைவழியில் உதிர்ந்துபோனவை என முன்னரே கண்டோம்.

எண்களைப் படித்தல்

எந்தச் சாமானுக்கு என்ற கேள்விக்கு விடை, உலகெங்கும் பொதுவான ஆறு இலக்கக் குறி எண்ணில் உள்ளது. வெளிப்புறம் தோலாலான பணப்பை முதலிய சிறு சாமான்களுக்கு 4202 31. வெளிப்புறம் பிளாஸ்டிக் தாளோ துணியோ ஆனால் 4202 32. தீர்வையும் விதியும் இந்த எண்ணைப் பொறுத்தே அமைகின்றன. பணப்பை தைப்பவர் தம் சாமானின் எண்ணை அறிந்திருத்தல், விவசாயி தம் நிலத்தின் சர்வே எண்ணை அறிந்திருத்தல் போன்றது.

எண் தெரிந்தால், கொல்கத்தாவிலுள்ள வர்த்தகப் புள்ளிவிவர இயக்குநரகம் வெளியிடும் மாதக் கணக்கையும், 1964இல் ஜெனீவாவில் ஏற்பட்ட சர்வதேச வர்த்தக மையத்தின் கணக்கையும் புரட்டலாம். ஒரு நாடு இந்தியாவிலிருந்து வாங்கியதன் மொத்த மதிப்பை எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி விலை கிடைக்கும்; இத்தாலியிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வாங்கியதற்கும் அவ்வாறே செய்து ஒப்பிடலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு இது நல்ல கணக்குப் பயிற்சி. இரண்டு எச்சரிக்கைகள் தேவை. நம் ஏற்றுமதிக் கணக்கு கப்பலில் ஏற்றும் வரையுள்ள விலையைக் காட்டுவது. பெரும்பாலான நாடுகளின் இறக்குமதிக் கணக்கில் கப்பற் கூலியும் காப்புறுதியும் சேர்ந்திருக்கும். மேலும் ஒரே எண்ணில் பணப்பையும் சாவிப்பையும் அட்டைப்பையும் கலந்துள்ளன. சராசரி கண்டு ஆத்திரப்பட்டு, காண்டிராக்டரோடு சண்டையிடுவதற்கு அது போதிய ஆதாரமன்று. எந்த நாடு விலையுயர்ந்த தோலையும் எந்த நாடு மலிவானதையும் நாடுகிறது என அறிய அது உதவும், அவ்வளவே.

புதிய விதிகளைப் பற்றியும் முன்னறிவிப்பு உண்டு. உலக வர்த்தக அமைப்பின் அங்கத்தினர், தரவிதி ஒன்றை மாற்றக் கருதினால் முன்கூட்டியே ஜெனீவாவிற்கு அறிவித்து, கருத்துக் கூற வழக்கமாக 60 நாள் அவகாசம் தருகின்றனர். இந்தியாவில் இதைப் பற்றி விசாரிக்கத்தக்க இடம் இந்தியத் தர நிர்ணய அமைப்பு.

கள ஊழியர் செய்யக்கூடியவை

பட்டறைக்குச் செல்லும் ஊழியர் பெரிய விளக்கத்தோடு தொடங்க வேண்டுவதில்லை. ஆர்டரோடு வந்த தாள் ஏதேனும் உண்டா என்று கேட்பதே முதற்படி. பல சமயங்களில் ஆங்கிலத் தாள் ஒன்று மடித்து, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் கிடக்கும். அதைப் படித்துத் தமிழிலோ இந்தியிலோ சொல்வதற்கு அருகிலுள்ள பள்ளியின் ஆசிரியர் ஒருவர் போதும். தாள் இல்லையெனின், நாட்டின் பெயரையாவது சொல்லும்படி காண்டிராக்டரிடம் கேட்கச் செய்யலாம். வாங்குபவரின் பெயரைக் கேட்டால் அவர் சொல்லார். நாட்டின் பெயரைச் சொல்வதில் அவருக்கு இடையூறு இல்லை.

சோதனைக் கட்டணம் தனிப் பட்டறைக்குப் பாரமானது. ஆனால் தாராவியில் ஒரே தோற்கடையில் ஒரே தொகுதியிலிருந்து பல பட்டறைகள் வாங்குகின்றன. ஐந்தாறு பேர் சேர்ந்து அத்தொகுதிக்கு ஒரு சோதனை செய்விப்பதும், பதனிட்ட தொழிற்சாலையின் சான்றிதழைக் கடைக்காரரிடம் கேட்பதும் இயலக்கூடியவை. ஒருவர் கேட்டால் கடைக்காரர் பொருட்படுத்தார். பத்துப் பேர் கேட்டால் மறுமுறை சரக்கு வாங்கும்பொழுது அவரே சென்னைக்கு எழுதிக் கேட்பார். பக்கிள், வளையம் முதலிய உலோகச் சாமான்களுக்கும் இதே வழி பொருந்தும். உடலோடு நெடுநேரம் படும் உலோகத்திலிருந்து நிக்கல் கசிவதற்கும் ஐரோப்பாவில் வரம்பு உண்டு.

செலவில்லாத காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை தோல் வாங்கும்பொழுதும், வெட்டிய பின் மிஞ்சும் துண்டில் விரலகலம் எடுத்து, அந்த நாளின் பில்லோடு குத்தி, ஆர்டரின் தேதியை எழுதி, நிழலான இடத்தில் ஒரு டப்பாவில் போட்டு வைக்கலாம். ஆறு மாதம் கழித்துச் சரக்கைப் பற்றிக் கேள்வி வந்தால், எந்தத் தோல், எந்தக் கடை, எந்தத் தொகுதி என்பதைக் காட்ட அத்துண்டு இருக்கும். சோதனைக்கு அனுப்புவதற்கும் அதுவே உதவும்.